ஈல் ஆற்றங்கரையில் முதல் மழை

கலிபோர்னியாவின் வடகரை மலைகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை எட்டிப் பார்ப்பது அபூர்வம். புல்லெல்லாம் காய்ந்து மலைகள் பழுப்பேறிக் கிடக்கும். அக்டோபரில் பசிபிக் கடலிலிருந்து முதல் மழை வரும். கஞ்சாச் செடியின் பூ முற்றுவதும் அதே அக்டோபரில்தான். பகல் பொழுது சுருங்கத் தொடங்கியதும் பூக்கும் செடி இது. வானத்தை நம்பிப் பயிரிடுபவர் நாற்றை முன்னதாக நடலாம், பூப்பதை முன்னதாக வரவழைக்க முடியாது. பயிர் முற்றும் வாரத்தில்தான் மழையும் வாசலுக்கு வந்து நிற்கும். ஹம்போல்ட் மாவட்டத்து விவசாயியின் ஒரு வருட உழைப்பு தேறுமா அழுகுமா என்பது அந்தக் கடைசிப் பத்துப் பதினைந்து நாளில் தெரிந்துவிடும். அந்த நாட்களைப் பார்க்கத்தான் போனேன்.

உடன் வந்த நண்பர் சலினாஸ் பள்ளத்தாக்கில் ஸ்ட்ராபெர்ரித் தோட்டங்களின் நோய்களைக் கவனிப்பவர். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தாவர நோயியல் படித்தவர். பழத்தின் மேல் சாம்பல் நிறத்தில் படர்ந்து அழுகவைக்கும் போட்ரைடிஸ் என்னும் பூஞ்சாணத்தோடுதான் அவருடைய அன்றாடப் போராட்டம். முற்றிய கஞ்சாப் பூவை அழிப்பதும் அதே பூஞ்சாணம். அங்கே அதை மொட்டழுகல் என்கிறார்கள்.

"ஏனுங்க, அங்க போய் இலையைக்கூடத் தொட்டுராதீங்க. மாநிலச் சட்டம் வேற, மத்தியச் சட்டம் வேற" என்று காரில் ஏறும்போதே சொல்லிவிட்டார். கலிபோர்னியா 1996இல் மருத்துவத் தேவைக்கும், 2016 நவம்பர் வாக்கெடுப்பில் 21 வயது நிரம்பிய எவருக்கும் கஞ்சாவை அனுமதித்தது. 2018 ஜனவரி 1 முதல் உரிமம் பெற்ற கடைகளில் விற்கிறார்கள். ஆனால் 1970ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அதை ஹெராயினோடு சேர்த்து முதல் பட்டியலில் வைத்தது. விசாவும் பச்சை அட்டையும் மத்திய அரசின் கையில் இருப்பவை. அவற்றோடு அங்கே வாழும் நம்மவர், மாநில உரிமம் பெற்ற தோட்டத்தில் கூலிக்குப் பூ வெட்டினால்கூட, குடியேற்ற விண்ணப்பத்தில் அது தடையாக வந்து நிற்கலாம். இந்தியாவிலோ 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் பூக்கும் கொப்பை வைத்திருப்பதே குற்றம். நாங்கள் பார்க்கப் போனவர்கள். பார்த்துவிட்டு வந்தோம்.

கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி 101ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறினால் முதலில் திராட்சைத் தோட்டங்கள். சொனோமா கடந்து மென்டசினோ மாவட்டத்தில் ஹாப்லாந்து என்று ஓர் ஊர் வருகிறது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடி ஒரு காலத்தில் அங்கே பெரும் பயிர். ஊருக்குப் பெயர் வந்ததே அதனால்தான். ஹாப்ஸும் கஞ்சாவும் ஒரே தாவரக் குடும்பம். இன்று அங்கே ஹாப்ஸ் வயல்கள் இருந்த இடத்தில் திராட்சைதான் தெரிகிறது. சாலையோரத்தில் அறுவடை முடிந்த வரிசைகளும், இன்னும் கருங்குலைகள் தொங்கும் வரிசைகளும் மாறி மாறி வந்தன. "2011 அக்டோபர்ல பெஞ்ச மழையில இந்தப் பக்கத்துத் திராட்சையெல்லாம் போட்ரைடிஸ் பிடிச்சுப் போச்சுங்க. நாபாவையும் விடல" என்றார் நண்பர். இதே பூஞ்சாணம் பிரான்சின் சொத்தேர்ன் பகுதியில் குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட அளவில் பிடித்தால் பழத்தின் நீரை வற்றவைத்துச் சர்க்கரையைக் கூட்டி, உலகின் விலையுயர்ந்த இனிப்பு ஒயினுக்குக் காரணமாகிறது என்பதையும் சொன்னார். கஞ்சாப் பூவில் அப்படி ஒரு நல்ல முகம் அதற்குக் கிடையாது.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சுமார் 320 கிலோமீட்டரில் கார்பர்வில். ஹம்போல்ட் மாவட்டத்தின் தென்வாசல். ஹம்போல்ட், மென்டசினோ, டிரினிட்டி ஆகிய மூன்று மாவட்டங்களையும் சேர்த்து மரகத முக்கோணம் என்பார்கள். 1960களின் கடைசியிலும் 1970களிலும் நகர வாழ்க்கையை உதறிவிட்டு நிலத்துக்குத் திரும்பிய இளைஞர்கள், மரம் வெட்டி முடிந்து மலிவாகக் கிடைத்த இந்த மலைநிலங்களை வாங்கிக் குடியேறினார்கள். தங்களுக்கென்று வைத்த செடிகள் மெல்ல வாழ்வாதாரமாயின. 1983இல் அரசு கஞ்சா ஒழிப்புப் படையை இறக்கியது. அதன் பிறகு பல ஆண்டுகள் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்காத பள்ளத்தாக்கு இல்லை.

கார்பர்வில்லுக்கு வடக்கே ஈல் ஆற்றின் தென்கிளையை ஒட்டிச் சுமார் 50 கிலோமீட்டருக்கு ஒரு பழைய சாலை ரெட்வுட் என்னும் செம்மரக் காட்டுக்குள் ஓடுகிறது. நிறுத்தாமல் கடக்க முடியாத சாலை. நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த மரங்களின் அடியில் நண்பகலிலும் அந்தி வெளிச்சம். 1991இல் சாய்ந்த டயர்வில் ராட்சத மரம் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. அதன் அடிவேர்த் தட்டு மட்டுமே நம்மைவிட இரண்டு ஆள் உயரம் இருக்கும். வீயட் என்ற ஊரருகே, 1964 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு எட்டிய உயரத்தைக் கம்பத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள். கழுத்தை வளைத்து அண்ணாந்து பார்க்க வேண்டும். கோடையில் கணுக்காலளவு ஓடும் ஆறு அது. இந்த நாட்டு மழை எப்படிப்பட்டது என்பதை அந்தக் குறி சொல்லிவிடுகிறது. மலைக்கு அப்பால் மட்டோல் பள்ளத்தாக்கில் இருக்கும் ஹனிடியூ கலிபோர்னியாவின் மிக ஈரமான ஊர்களில் ஒன்று. சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். ஹனிடியூவில் 2,500ஐத் தாண்டும் ஆண்டுகள் உண்டு. அதில் பெரும்பகுதி அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் கொட்டுகிறது.

நாங்கள் போன தோட்டம் அந்த மலைத்தொடரின் தெற்குச் சரிவில் இருக்கிறது. கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். உரிமம் 10,000 சதுர அடிக்கு, நம் கணக்கில் 23 சென்ட். அந்த அம்மாள் இந்த மலையிலேயே வளர்ந்தவர். அறுபதை ஒட்டிய வயது. எங்களைக் கண்டதும் முதலில் செருப்பின் அடியைக் கிருமிநாசினித் தட்டில் நனைக்கச் சொன்னார். அதற்குப் பிறகே கை குலுக்கினார்.

செடிகள் என் தலைக்கு மேல் நின்றன. ஒவ்வொன்றைச் சுற்றியும் ஓர் ஆள் தாராளமாக நடந்து வரலாம். இவ்வளவு இடத்தை ஏன் காலியாக விட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியதை அவரே புரிந்துகொண்டு சொன்னார்: "நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது செடிகளை மரத்தடியிலும் புதருக்குள்ளும் ஒளித்து வைப்போம். வெயில் படாது, காற்று போகாது. ஹெலிகாப்டர் கண்ணுக்குத் தப்பும், பூஞ்சாணத்துக்குத் தப்பாது." சட்டம் மாறியதும் செடி வெயிலுக்கு வந்தது, காற்றும் வந்தது. இப்போது அடிக்கிளைகளை ஆகஸ்டிலேயே கழித்து, உள்ளிலைகளைக் கிள்ளி, காற்று ஊடுருவ வழி செய்துவிடுகிறார்கள். மொட்டழுகலுக்கு எதிரான வேலையில் முக்கால்வாசி இப்படி வெயில் காலத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. அறுவடை நெருங்கிய பிறகு செய்ய மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.

வகைத் தேர்வு அதற்கும் முந்தியது. 1970களில் ஆப்கானிஸ்தான் மலைகளின் விதைகள் இங்கே வந்தன. வறண்ட, குளிர்ந்த மலைச் செடி அது. சீக்கிரம் முற்றும், பூ கல்லுப்போல இறுகியிருக்கும். ஈரக்காற்றில் அந்த இறுக்கமே எமன், ஏனென்றால் உள்ளே போன ஈரம் வெளியே வராது. கொலம்பியா, தாய்லாந்து, தென்னிந்தியா போன்ற வெப்ப நாட்டுச் செடிகளின் பூ தளர்வாக, காற்றோட்டமாக இருக்கும். பூஞ்சாணத்தை அது நன்றாகத் தாங்கும். ஆனால் நவம்பர், டிசம்பர் வரை முற்றாது. இங்கே அதற்குள் அடைமழை பிடித்துக்கொள்ளும். இன்று வயலில் நிற்பவை எல்லாம் இந்த இரண்டு இரத்தமும் கலந்தவை. எந்த வரிசையில் எது தூக்கல் என்பது அந்த அம்மாளுக்கு மனப்பாடம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பருவமழையோடு பழகிய ஒரு செடியின் வழிவந்த குணம், இத்தனை ஆயிரம் மைல் தள்ளி ஒரு குடும்பத்தின் பயிரைக் காக்கிறது என்று நினைத்தபோது மனம் நெகிழ்ந்தது.

வெயில் ஏறியதும் நோட்டம் பார்க்கத் தொடங்கினார்கள். பனி காயும் வரை யாரும் செடிக்குள் நுழைவதில்லை. பெரிய பூங்கொத்தில் ஒரே ஒரு சின்ன இலை மட்டும் காரணமில்லாமல் வாடியிருக்கும். அதுதான் முதல் அறிகுறி. அந்த அம்மாள் அந்த இலையை மெல்ல இழுத்தார். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. கொத்தைப் பிளந்து காட்டினார். வெளியே பச்சையாக, பிசின் மினுங்க நின்ற பூவின் உள்தண்டு பழுப்பாகக் குழைந்திருந்தது. சாம்பல் நிற மயிர் அப்போதுதான் அரும்பியிருந்தது. "இந்த மயிர் வெளியே தெரியற வரைக்கும் விட்டோம்னா, தட்டினாப் புகை மாதிரிக் கிளம்பும். அவ்வளவும் வித்துங்க" என்றார் நண்பர். இலையின் மேல் நீர் நின்றாலோ, காற்றில் ஈரம் 90 சதவீதத்தைத் தாண்டினாலோ வித்து முளைக்கும். 15 முதல் 20 டிகிரி வெப்பம் அதற்கு மிகவும் உகந்தது. அக்டோபர் இரவுகளுக்குப் பிறகு வரும் மப்பான காலைகள் அதே வெப்பத்தில்தான் இருக்கின்றன. வித்து காற்றில் எப்போதும் இருக்கிறது. அதற்கு வேண்டியது ஈரமும் ஒரு காயமும்.

அந்தக் காயத்தை உண்டாக்குவது புழு. நம் பருத்திக் காடுகளில் காயைத் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவின் அமெரிக்கச் சகோதரி, மக்காச்சோளக் கதிரைத் தின்னும் புழு, இங்கே பூவுக்குள் முட்டையிலிருந்து வந்து குடைந்து போகிறது. அது தின்ற இடம் அழுகும், அது போட்ட எச்சம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பின்னாலேயே பூஞ்சாணம் நுழையும். ஆகவே ஆகஸ்டு, செப்டம்பரிலேயே பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாக் கரைசலைத் தெளித்துவிடுகிறார்கள். நம் விவசாயிகள் பிடி என்று சொல்வதன் தாய்ப் பாக்டீரியா அதுதான். பிளந்த கொத்தில் அன்று புழு இருந்தது. அந்த அம்மாளின் முகம் வாடியது.

வெட்டும் முறையில் ஒரு சடங்கின் கட்டுப்பாடு இருந்தது. முதலில் பையை விரித்துக் கொத்துக்கு அடியில் பிடிக்கிறார்கள். அழுகல் தெரியும் இடத்துக்கு ஒரு சாண் கீழே, நல்ல தண்டில் வெட்டு. கொப்பை உலுக்கவே கூடாது. பையைக் கட்டியதும் கத்தரிக்கோல் ஆல்கஹாலில் முங்குகிறது. அதற்குப் பிறகே அடுத்த செடி. கட்டிய பைகள் தோட்டத்துக்கு வெளியே போய்விடும். நோய் கண்ட செடியைத் தொட்டவர் அன்று உலர்த்தும் கொட்டகைக்குள் போக மாட்டார்.

கீழ் வரிசையில் குட்டையாக, கிளைகள் படுத்தாற்போல இருந்த இரண்டு செடிகளை நண்பர் காட்டினார். அது ஹாப்ஸ் மறைவைராய்டு. கலிபோர்னியக் கஞ்சாத் தோட்டங்களில் 2019இல் உறுதிசெய்யப்பட்டது. புரத உறைகூட இல்லாத, 256 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ வளையம். பதியனிலும் கத்தரிக்கோலிலும் பரவும், பூவில் பிசினைக் குறைத்துவிடும். அவற்றைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

"மொட்டழுகலுக்கு மருந்து ஏதும் கிடையாதா?" என்று கேட்டேன். கேள்வி இருவருக்கும் பழகியது. "ஸ்ட்ராபெர்ரின்னா அடிக்கலாமுங்க. பூ முத்தின பொறவு இதுல எதை அடிச்சாலும் அது பூவோடவே நிக்கும். கழுவற பழமா இது? கொளுத்தி நெஞ்சுக்குள்ள இழுக்கறாங்க" என்றார் நண்பர். திராட்சைச் சாம்பல் நோய்க்குத் தெளிக்கும் மைக்ளோபியூட்டனில் என்ற மருந்து சூடேறும்போது ஹைட்ரஜன் சயனைடு வாயுவை விடும். கலிபோர்னியாவில் கஞ்சாவில் அது மிகச் சிறிய வரம்பைத் தாண்டினாலே சரக்கு நிராகரிக்கப்படும். மொத்தம் 66 பூச்சிக்கொல்லிகளுக்கு ஆய்வகச் சோதனை. அதோடு சால்மொனெல்லா, நச்சு ஈகோலி, நான்கு வகை ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சாணங்கள். உலர்ந்த பூவின் நீர்ச் செயல்பாடு 0.65ஐத் தாண்டக் கூடாது.

இந்த ஆஸ்பர்ஜில்லஸ்தான் என்னை அங்கே அதிகம் யோசிக்க வைத்தது. அழுகிய பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை விற்றால் யாருக்குத் தெரியும் என்று கேட்பவர்கள் எந்தப் பயிரிலும் உண்டு. போட்ரைடிஸ் செடியைக் கொல்லும் பூஞ்சாணம். ஆஸ்பர்ஜில்லஸ் சரியாக உலராத பூவில் வளர்ந்து, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் நுரையீரலில் வேர்விடும். 1996 சட்டம் வந்ததே சான் பிரான்சிஸ்கோவின் எய்ட்ஸ் நோயாளிகளால்தான். பசியெடுக்கவும் குமட்டல் அடங்கவும் கஞ்சா கேட்டவர்கள் அவர்கள். அவர்களுக்காகத் தெருவில் இறங்கிய டென்னிஸ் பெரோன் அந்த வாக்கெடுப்பை முன்னெடுத்தார். அந்த அம்மாளின் குடும்பமும் அந்த ஆண்டுகளில் நகரத்து நோயாளிகளுக்குப் பூ அனுப்பியது. "நான் தூக்கியெறிய யோசித்த ஒவ்வொரு கொத்தையும் என் அம்மா கையிலிருந்து பிடுங்கி எறிவாள். அதை வாங்குகிறவன் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கிறான் என்பாள்" என்றார். சோதனைச் சட்டம் 2018இல் வந்தது. இந்த மலையில் அது அதற்கு முன்பே இருந்திருக்கிறது.

மாலையில் வானிலை அறிக்கை வந்தது. வியாழன் இரவு முதல் மழை. சமையலறை மேசையில் உருப்பெருக்கியை வைத்து ஒவ்வொரு வரிசையின் மாதிரியையும் கணவர் பார்த்தார். பூவின் மேலுள்ள பிசின் சுரப்பிகள் முதலில் கண்ணாடிபோல் இருக்கும், பிறகு பாலேறும், பிறகு தேன் நிறத்துக்குப் போகும். பாலேறிக் கொஞ்சம் தேன் நிறம் கலக்கும் நேரமே அறுவடைக்கு ஏற்றது. மேல் வரிசைகளில் பாலேறவே இன்னும் சில நாள் வேண்டும். இப்போதே வெட்டினால் எடையும் குறையும், தரமும் குறையும். விட்டால் மழை. இருவரும் குரலை உயர்த்தாமல் நெடுநேரம் பேசினார்கள். இறுக்கமான பூ கொண்ட ஆப்கான் வழி வரிசைகளை முற்றாவிட்டாலும் விடியற்காலையில் வெட்டுவது, தளர்ந்த பூ கொண்டவற்றை மழைக்கு விடுவது என்று முடிவானது. எனக்கு அது மிகச் சரியான முடிவாகப் பட்டது. நட்டத்தை அவர்களே தேர்ந்துகொண்டார்கள்.

வெட்டிய கொப்புகள் கொட்டகையில் தலைகீழாகத் தொங்கின. அங்கே ஈரம் 60 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் மின்விசிறிகளும் ஈரமுறிஞ்சி இயந்திரங்களும் இரவு பகலாக ஓடின. கொட்டகையில் கவனம் பிசகினால் வயலில் தப்பிய பூ அங்கே அழுகும். மழை சொன்ன நேரத்துக்கு வந்தது. விட்டதும் இருவரும் சருகு ஊதும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, நின்ற செடிகளின் மேல் தண்ணீரை ஊதித் துடைத்தார்கள். காற்று அன்று அவர்கள் பக்கம் இருந்தது. தளர்ந்த பூக்களில் பெரும்பாலானவை தேறின. ஆனாலும் மூட்டை மூட்டையாகப் பைகள் வெளியே போனதை எண்ண எனக்கு மனம் வரவில்லை.

அவர்கள் நட்டத்துக்கு விலைவாசியும் துணை. உரிமங்களைச் சேர்த்துக்கொண்டு போகப் பெரிய நிறுவனங்களுக்கு 2017 நவம்பரில் விதிகள் இடம் கொடுத்தன. ஒரு தோட்டத்துக்கு ஓர் ஏக்கர்தான் உச்சவரம்பு என்று சிறு விவசாயிகள் நம்பியிருந்தது நடக்கவில்லை. 2021இல் விலை சரிந்தது. ஆயிரம் டாலருக்கு மேல் போன ஒரு பவுண்டு பூ சில நூறு டாலருக்கு இறங்கியது. சுற்றிலும் எத்தனையோ தோட்டங்கள் புதர் மண்டிவிட்டன. கார்பர்வில் கடைத்தெருவில் பூட்டிய கதவுகளை வரும்போதே பார்த்தோம்.

திரும்பும் வழியில் சொனோமாவில் மழையில் நனைந்த திராட்சையை அவசரமாகப் பறித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் திராட்சைக்கு மத்திய அரசின் பயிர்க் காப்பீடு உண்டு. போதையேற்றும் பொருள் 0.3 சதவீதத்துக்கு மேல் இல்லாத கஞ்சாவை 2018 வேளாண் சட்டம் ஹெம்ப் என்று பிரித்துப் பயிராக ஏற்றது. 2020 முதல் பல மாநிலங்களில் அதற்கும் காப்பீடு வந்தது. இனம் ஒன்றே, பூஞ்சாணம் ஒன்றே, மழையும் ஒன்றே. 23 சென்ட் நிலத்துக்கு உரிமம் வாங்கி, வரி கட்டி, கெட்டதை எறிந்து, நல்லதை மட்டும் விற்கும் இந்தத் தம்பதிக்கு மட்டும் அந்த மத்திய அரசுக் காப்பீடு கிடையாது. இது அநியாயம். உரிமக் கட்டணம் வாங்கும்போது அவர்களை விவசாயி என்று ஒப்புக்கொள்ளும் கலிபோர்னியா, பயிர் அழுகும் ஆண்டிலும் அப்படியே ஒப்புக்கொண்டு ஒரு நிவாரண நிதியையாவது ஏற்படுத்த வேண்டும்.